பின்னிணைப்பை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

ஆர்வெல்லின் 1984 நாவலைக் கையில் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஆளைக் கண்காணிக்கும் டெலிஸ்கிரீனும் சித்திரவதை அறையும் தாமாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும். நீ நிதானமாகப் படிக்க வேண்டியது முதல் பாகத்தின் 4-ஆம் அத்தியாயம். அதில்தான் கதாநாயகன் வின்ஸ்டன் அரசின் உண்மை அமைச்சகத்தில் செய்யும் வேலை வருகிறது.

சாக்லேட் ரேஷன் குறையாது என்று பிப்ரவரியில் அரசு வாக்குக் கொடுத்திருக்கும். இப்போது வாரத்துக்கு 30 கிராமை 20 ஆக்கப் போகிறார்கள். வின்ஸ்டன் அந்தப் பழைய செய்தித்தாளை வரவழைத்து, வாக்குறுதி இருந்த இடத்தில் 'ஏப்ரலில் குறைக்க வேண்டி வரலாம்' என்ற எச்சரிக்கையை வைக்கிறான். அந்த நாள் இதழ் முழுவதும் மறுபடி அச்சாகும். பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதைக் கோப்பில் வைப்பார்கள். அவனுக்கு வந்த உத்தரவுச் சீட்டு சுவர்த் துவாரம் வழியாக உலைக்குப் போய்விடும். அந்தச் சீட்டிலும் பொய் எழுது என்று இருக்காது. அச்சுப்பிழை, தவறான மேற்கோள், சரிசெய்யவும் என்றுதான் இருக்கும். மறுநாளே, ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்கு ஜனங்கள் நன்றி சொல்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் எவரிடமும் இல்லையே, அம்மா.

நாவல் வந்தது 1949-இல். சில ஆண்டுகளில் நிஜத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா 1953-இல் கைதாகி, அந்த டிசம்பரிலேயே சுடப்பட்டார். அவரைப் புகழ்ந்த சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் 5-ஆம் தொகுதி அதற்குள் சந்தாதாரர்கள் கைக்குப் போயிருந்தது. திரும்ப வாங்க வழியில்லை. அதனால் அவர்களுக்கே கடிதம் போனது: 21 முதல் 24 வரையான பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுங்கள், புதுத் தாளை ஒட்டுவதற்குத் தையல் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள். கூடவே வந்த தாள்களில் பெரிங் கடலைப் பற்றிய படங்களும் செய்தியும் இருந்தன. அகரவரிசையில் பக்கத்தில் வரும் சொல் அல்லவா! நாவலில் அமைச்சகம் செய்யும் வேலையை இங்கே வாசகரின் கையாலேயே செய்யச் சொன்னார்கள். என்னை அதிகம் கலங்க வைப்பது இதுதான்.

கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடாதே. கதையில் வரும் ஆட்சி உருவாக்கிய நியூஸ்பீக் என்ற மொழியைப் பற்றிய பின்னிணைப்பு இருக்கிறது. அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது, பணம் போனாலும் பரவாயில்லை என்று ஆர்வெல் மறுத்துவிட்டார். அந்த மொழியை அது 'இருந்தது' என்று இறந்தகாலத்தில் விவரிக்கிறது, அதுவும் சாதாரண ஆங்கிலத்தில். அதன் முதல் வாக்கியத்தை இரண்டு முறை படி. எந்தக் காலத்தில் இருந்துகொண்டு யார் அதை எழுதுவதாக உனக்குத் தோன்றுகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா