நாலாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாடம்: பெற்றோர் கவனத்துக்கு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, விடை எழுதிய பயிற்சித்தாளைப் படம் எடுத்து இங்கே போட வேண்டாம். பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

இந்த வாரம் எல்லாரும் இடறுவது 'டஸ்' வரும் இடத்தில்தான். 'ஷி லைக்ஸ் அல்வா' சரி. கேள்வியானால் 'டஸ் ஷி லைக் அல்வா?' அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்' என்பதில் வந்துவிட்டது. 'லைக்' என்பதோடு மறுபடி 'எஸ்' ஒட்டாது. 'டஸ் நாட்' வந்தாலும் இதேதான். ஐ, யூ, வீ, தே என்றால் 'டூ'.

விதியை ஒப்பிக்க வைக்காதீர்கள், பாவம். சாப்பாட்டு நேரத்தில் 'டஸ் ஆச்சி லைக் சொதி?' என்று கேளுங்கள். 'யெஸ், ஷி டஸ்' வந்தால் போதும். (ஆச்சிக்குப் பிடிக்காவிட்டால் 'நோ, ஷி டஸ் நாட்'!)

ஏழாம் கேள்வியில் அச்சுப்பிழை, விட்டுவிடலாம். சந்தேகத்தை ராத்திரி எட்டு மணிக்குள் கேளுங்கள்.