எலியா கட்டுரைகளும் எங்கள் பட்டியலில் நேர்ந்த பிழையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடையின் போன மாதப் பழைய புத்தகப் பட்டியலில் ஒரு தவறு செய்துவிட்டோம். ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்ப்பின் 'எலியா கட்டுரைகள்' புத்தகத்துக்கு நேராக 1823 என்று போட்டிருந்தோம். அந்தக் கட்டுரைகள் முதலில் நூலாக வந்த ஆண்டு அது. எங்களிடம் இருந்ததோ வெகுகாலம் கழித்து டென்ட் பதிப்பகம் எவ்ரிமேன் என்ற மலிவு வரிசையில் போட்ட மறுபதிப்பின் பிரதி. வாங்கியவர் கோபப்படவில்லை. "ஐயா, தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உண்மையான 1823 பதிப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: அதன் தலைப்புப் பக்கத்தில் லாம்ப்பின் பெயரே இருக்காது. பகலெல்லாம் லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் கணக்கெழுதிய குமாஸ்தாவான லாம்ப், 'லண்டன் மேகசின்' பத்திரிகையில் 1820 முதல் 'எலியா' என்ற பெயரில் எழுதினார். புத்தகமும் அந்தப் பெயரிலேயே வந்தது. ஆகவே, லாம்ப் பெயர் பெரிதாக அச்சிட்ட பிரதியை யாராவது 1823 என்று சொல்லி விற்க வந்தால் (எங்களையும் சேர்த்துத்தான்) நம்ப வேண்டாம்.

எவ்ரிமேன் வரிசை 1906இல் தொடங்கியது. அன்றைய விலை ஒரு ஷில்லிங். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதலில் வெளியான ஆண்டு இருக்கும், அதன் கீழே மறுபதிப்பு ஆண்டுகள் வரிசையாக இருக்கும். கடைசியாக உள்ள ஆண்டுதான் உங்கள் கையிலிருக்கும் பிரதியின் வயது. இனி பட்டியலில் அந்த ஆண்டையே போடுவோம்.

அப்புறம், காகிதம். "1890 புத்தகம் பழுத்து உடைகிறது, 1820 புத்தகம் மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கிறது, போலியா?" என்று சிலர் கேட்கிறார்கள். போலி இல்லை. முன்பு கந்தல் துணியைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது, அதோடு அமிலமும் வந்தது. தாத்தா திடமாக இருக்க, பேரன் மூப்படைந்த கதைதான். தோல் அட்டை என்றால் இன்னொரு தொல்லை: தோல் நைந்து, செம்மண் மாதிரி சட்டையில் ஒட்டும். எண்ணெய் தடவாதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை எழுத்தின் மேல் மஞ்சளாக நின்றுவிடும்.

ஆங்கில எழுத்தாளர் மெக்காலேயின் கட்டுரைகள் எப்போதும் மலிவுதான். அந்தக் காலத்திலேயே ஏராளமாக விற்றவை. இந்தியாவில் கம்பெனி ஆட்சியை நடத்திய கிளைவ், ஹேஸ்டிங்ஸ் பற்றிய இரண்டு கட்டுரைகளையும் படிப்பவர்கள், எழுதியவர் 1834இல் சென்னையில் கரையிறங்கி ஊட்டிக்கும் போனவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

லாம்ப் காலத்துக் கட்டுரையாளர் ஹாஸ்லிட்டின் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. பாதிக்கு மேல் தாள்களின் மடிப்பு இன்னும் வெட்டப்படவில்லை, அதாவது யாருமே முழுதாகப் படிக்கவில்லை. சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதலாகவே கொடுப்பார்கள். எனக்கென்னவோ கத்தியை எடுத்து வெட்டத்தான் கை துறுதுறுக்கிறது.

திரும்பி வந்த எலியா இப்போது பாதி விலைக்கு அலமாரியில் இருக்கிறது. பன்றி வறுவல் பற்றிய கட்டுரையில் 'கிராக்லிங்' என்ற சொல்லுக்கு மேலே, முன்பு வைத்திருந்த யாரோ ஒரு மாணவர் பென்சிலில் 'மொறுமொறு தோல்' என்று எழுதியிருக்கிறார். அழிக்கவில்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்