வக்கீல் ஃபீஸ் சங்கதி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. அக்காவுக்குச் சேரவேண்டிய பங்கைத் தரமாட்டேன் என்று உன் அண்ணன் நிற்பது சங்கடம்தான், ஆனால் அந்த வக்கீல் 'ஜெயித்தால் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு' என்று கேட்கிறாராமே, அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. தீர்ப்பைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் சொத்தில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்கான பார் கவுன்சிலின் விதிப்படியே கூடாது.

நான் பட்ட கதை உனக்குத் தெரியாது. வாடகைத் தகராறில் முதலில் 15,000 கொடுத்தேன், மொத்தமே அவ்வளவுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது பிராது, அதாவது வழக்கு மனு, போட மட்டுமாம்! அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா குமாஸ்தா வராந்தாவில் நின்று, வழக்குக் கட்டின் மேலட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டே 'சார், டைப்பிங், ஜெராக்ஸ்' என்பார், நான் 500 ரூபாயை நீட்டுவேன், ரசீது கேட்கக் கூச்சம். வக்கீலை மாற்றலாம் என்றால் பாக்கியைத் தீர்த்தால்தான் வழக்குக் கட்டைத் தருவோம் என்றார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கோர்ட் கட்டணம் தனி. பண வழக்கென்றால் நம் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஏழரையாக இருந்தது, 2017-ல் 3 ஆக்கினார்கள். பாகப்பிரிவினையில் கணக்கே வேறு: அக்காவும் சேர்ந்து அனுபவித்து வருகிறாள் என்றால் சின்னத் தொகை, அவளை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால் அவள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டவேண்டும். பிராதில் அந்த ஒரு வரியை எப்படி எழுதப்போகிறார் என்று முதல் நாளே கேள்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு, வக்கீலும் இலவசம். 15100-க்குக் கூப்பிடு, இல்லை உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அக்காவை அழைத்துப் போ. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்துவை. அண்ணனிடம் நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா? எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர், முகத்தில் அடித்தமாதிரி பேசமாட்டார்.

உன் பழைய நண்பன்