வெள்ளை வேட்டிக்கு ஒரு ஸ்டாப்

மாப்ள,

அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நீ சொன்னப்புறம்தான் நிம்மதியாச்சு. பத்து நாள் குனிய விடாத, சொட்டு மருந்த நீயே போட்டு விடு.

நான் போன வாரம் லீவு போட்டுட்டு ஜப்பான்ல வடக்க இருக்குற ஹொக்கைடோ தீவுக்கு போயிருந்தேன்டா. குஷிரோ பக்கத்துல ட்சுருயின்னு ஒரு கிராமம், கொக்கு இருக்குற ஊருன்னே அதுக்கு அர்த்தம், தலையில செவப்பு வச்ச பெரிய கொக்கு. வேட்டையாடியே அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிருந்தாங்களாம், 1924ல அந்த சதுப்பு நிலத்துல கொஞ்சம் மிச்சம் இருந்தத பாத்தாங்க, 1952ல கடுங்குளிர்ல எர கெடைக்காம தவிச்சப்ப ஊர்க்காரங்க சோளம் போட்டு காப்பாத்துனாங்க, இன்னிக்கு ஆயிரத்துக்கும் மேல இருக்கு.

விடியறதுக்கு முன்னாடியே கேமராவோட அங்க ஒட்டொவா பாலத்துல போய் நின்னுட்டேன், மைனஸ் 20 பக்கம் இருக்கும், ஸ்பேர் பேட்டரிய சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வச்சிருந்தேன், வெளிய வச்சா குளிர்ல உடனே இறங்கிரும். கீழ ஓடுற ஆறு ஊத்துத் தண்ணிங்கிறதால உறையவே உறையாது, காத்து அத விட அவ்ளோ சில்லுன்னு இருக்கறதால தண்ணியில இருந்து ஆவி பொகையா எழும்புது, அந்த ஈரம் கரையில நிக்கிற மரத்துல ஒவ்வொரு குச்சியிலயும் படிஞ்சு உறைஞ்சு, நம்ம உப்பளத்து ஓரத்துல முள்ளுச்செடி மேல உப்பு பூத்திருக்குமே அந்த மாதிரி. அதுக்கு நடுவுல கொக்குங்க தண்ணிக்குள்ளயே நின்னு தூங்குது, நரி வராதுல்ல. ஒரு சத்தம் இல்ல மாப்ள. பனி சத்தத்த உறிஞ்சிரும்னு படிச்சிருக்கேன், அன்னிக்குத்தான் காதால தெரிஞ்சுகிட்டேன்.

மொதல் இருபது படமும் அழுக்குச் சாம்பலா வந்துச்சு. அப்பத்தான் அப்பா ஞாபகம். கல்யாண வீட்டுல வெள்ளை வேட்டி சட்டையில ஆளு வரிசையா நின்னா "மீட்டர நம்பாதல, ஒரு ஸ்டாப் கூட்டி வை"ம்பாரே, ஒரு ஸ்டாப்னா வெளிச்சத்த ரெண்டு மடங்காக்குறது! கேமராவுல வெளிச்சத்த அளக்குற மீட்டருக்கு எல்லாமே சாம்பல்தான, பனியும் வேட்டியும் அதுக்கு ஒண்ணுதான். ஒண்ணரை ஸ்டாப் கூட்டினேன், பனி பனியா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கண்ணே தெறந்த மாதிரி, நெழல் பூரா நீலம்டா, சூரியன் படாத எடத்துல வானத்து வெளிச்சம் மட்டும்தான விழுது, வெயில் பட்ட பக்கம் பொக ரோஸ் கலர்ல நகருது. வெள்ளைன்னு ஒரே கலரா இத்தன நாள் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேமராவ ஜிப் கவர்ல போட்டு மூடிட்டேன், இல்லைனா லென்ஸ் பூரா வேர்த்துரும்.

ஒரு படம் பெருசா பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கேன். அப்பா கட்டு பிரிச்சு கண்ணாடி போட்டதும் ஜன்னல் வெளிச்சத்துல வச்சு காட்டு, அந்த நீலம் அவருக்கு தெரியுதான்னு கேட்டு எழுது.

உன்
குமார்