என் துப்பாக்கியின் ஊரைக் கண்டுபிடித்துச் சொன்ன ஐயாவுக்கு

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மருமகன் தமிழர் என்றீர்களே, அவர் மூலமாவது இது உங்களிடம் வந்து சேரட்டும்.

எனக்கு மான் வேட்டை பழக்கிய பெரியவர் விட்டுப்போன .303 ரகத் துப்பாக்கி அது. முன்மரத்தை வெட்டிக் குறைத்து வேட்டைக்கு மாற்றியது. எங்கே செய்தது என்று கேட்டால், இரண்டு கடைகளில் பழைய இரும்பு என்று தள்ளிவிட்டார்கள். துப்பாக்கிக் கண்காட்சியில் நான் கேட்காமலே நீங்கள் போல்ட்டைக் கழற்றி வைத்து, சின்ன டார்ச்சை அடித்து, இடப்பக்கம் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் பொறுமையாகத் துடைக்கத் துடைக்க, 'லாங் பிராஞ்ச் 1943' என்று எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அப்புறம் வரிசை எண்ணின் நடுவில் 'எல்', 'சி'க்குள் ஓர் அம்பு, அது கனடா அரசின் முத்திரை. பிரிட்டிஷ் படைகள் போரில் சுமந்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 துப்பாக்கி! போர்க்காலத்தில் பெண்கள் ஏராளமாக வேலை செய்த அந்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலை, நான் தினமும் கடந்துபோகும் மிசிசாகா நகரின் ஏரிக்கரையில்தான் இருந்ததாம். அதன் சோதனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, போய்த் தொட்டுப் பார்த்தேன்.

பணம் நீட்டினேன், கையை மடக்கிவிட்டீர்கள். நவம்பரில் அதைத்தான் காட்டுக்குக் கொண்டுபோகிறேன். ரொம்ப நன்றி ஐயா.