தூணோடு நிற்கும் அரசர்கள்

முள்ளியவளை
தை மாதம்

அன்பின் நண்பா,

உன் கடிதமும் வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை மாரி கொஞ்சம் கூடத்தான். வயலில் தண்ணீர் வடிய நாளெடுத்தது, ஆனாலும் நெல் பிழையில்லை. மூத்தவளுக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்துவிட்டது. என் முழங்கால் நோவைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் காணாது, விடு.

பிரான்சின் சார்த்ர் தேவாலயத்து மேற்கு வாசலில் நிற்கிற கல் அரசர்களையும் அரசிகளையும் முருங்கைக்காய் மாதிரி நீட்டி விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். மனிதராகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நீ அவர்களைத் தூணாகப் பார். 1150ஐ ஒட்டிய காலத்து வேலை அது. தூணையும் ஆளையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் கை உடம்பை விட்டு விலகாது, பாதம் ஊன்றாமல் கீழே சரிந்திருக்கும், உடுப்பின் மடிப்பெல்லாம் நெட்டுக்குத்தாக இறங்கும். வாசல் எழும்புகிற போக்கிலேயே ஆட்களும் எழும்புகிறார்கள். 1194இல் எரிந்த தீயில் கோயிலின் பெரும்பகுதி போனபோதும் இந்த முகப்புத் தப்பியது, உன் அதிர்ஷ்டம்.

அடுத்த முறை வடக்கு, தெற்கு வாசல்களையும் பார். ஐம்பது அறுபது வருசம் பிந்தியவை. அங்கே தலை மெல்லத் திரும்பத் தொடங்கிவிடும். ரான்ஸ் நகரத் தேவாலயத்துக்குப் போனால் மரியாளும் எலிசபெத்தும் ஒருவரையொருவர் பார்த்துக் கதைத்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் சுவர் இருப்பதே அவர்களுக்கு மறந்து போயிருக்கும். பிறகு 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சிற்பி தொனாத்தெல்லோ வெண்கலத்தில் வார்த்த தாவீது. அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம், எந்தச் சுவரும் வேண்டாம். கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சிற்பத்தின் விடுதலைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அரைவாசிதான் சம்மதம். சுவரை விட்டு இறங்கிய சிலை ஒன்றை இழந்தும் விடுகிறது: எங்கேயிருந்து, எந்த வெளிச்சத்தில் தன்னைப் பார்ப்பார்கள் என்ற நிச்சயத்தை.

ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனனை எடு. 160 மீற்றர் நீளமான ஊர்வலச் சிற்பம், நிலத்திலிருந்து ஏறக்குறைய 12 மீற்றர் உயரத்தில் சுவரைச் சுற்றி ஓடியது. அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டுமென்று கீழ்ப்பாகத்தைவிட மேற்பாகத்தை ஆழமாகக் கொத்தியிருக்கிறார்கள். எல்ஜின் பிரபு கழற்றிக் கொண்டுபோன பங்கு இன்று லண்டன் நூதனசாலையில் ஓர் அறையைச் சுற்றி, உள்நோக்கிப் பார்த்தபடி, கிட்டத்தட்டக் கண்மட்டத்தில் இருக்கிறது. கோயிலில் அது வெளியே பார்த்து நின்றது. ஏதென்ஸில் 2009இல் திறந்த நூதனசாலையில் மிச்சத்தை வெளிநோக்கியே வைத்திருக்கிறார்கள், கோயில் நிற்கிற அதே திசைக்கு ஒப்ப. அது எவ்வளவோ மேல்.

இவ்வளவு தூரம் போவானேன், எங்களுக்குக் கிட்ட இருக்கிற பொலநறுவை போதும். கல்விகாரையில் பாறையோடு பாறையாய்த் தெரிகிற அந்தப் புத்தர்களுக்கு முன்னால் ஒரு காலத்தில் செங்கல் மண்டபங்கள் இருந்தன. சுவர் பொருந்திய வெட்டுகள் பாறையில் இன்னும் தெரியும். 12ஆம் நூற்றாண்டில் கும்பிட வந்தவன் விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்திருப்பான். நாங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பட்டப்பகலில் பார்த்தது வேறு சிலை என்றே சொல்வேன். அங்கேயே இருக்கிற லங்காதிலக விகாரையில் இன்னும் விசேஷம். 17 மீற்றர் உயரச் சுவர்களுக்கு நடுவில் தலையில்லாமல் நிற்கிற புத்தரும் செங்கல்தான், சுவரும் செங்கல்தான். எது கட்டடம், எது சிற்பம் என்று கோடு கீறிப் பார், முடியாது.

இதெல்லாம் ஏன் மனதில் ஓடுகிறதென்றால், எங்கள் சிவன் கோயில் திருப்பணி தொடங்கிவிட்டது. சித்திரம் படிப்பித்தவன் என்று சபையில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கோபுரம் எத்தனை நிலை என்பதில்தான் எல்லோருக்கும் கண். கோஷ்டத்து, அதுதான் கருவறை வெளிச்சுவர் மாடத்து, மூர்த்திகளைப் பிறகு ஆறுதலாகச் சீமெந்தில் செய்து ஒட்டலாமாம். தட்சிணாமூர்த்திக்குத் தெற்குச் சுவர், பிரமாவுக்கு வடக்குச் சுவர் என்று கட்டடம் எழும்பும்போதே இடமும் அளவும் தீர்மானமாகிவிட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். தஞ்சைப் பெரிய கோயிலையும் துணைக்கு இழுத்தேன்: கருவறைக்கு மேல்தளத்துச் சுவரில் கரணங்கள் என்கிற 108 நடன நிலைகளுக்கும் இடம் ஒதுக்கிக் கல் வைத்து, 81ஐத்தான் செதுக்கி முடித்தார்கள், மிச்சம் 27 கல்லும் இன்றைக்கும் வெறுமையாக அங்கேயே இருக்கிறது என்றேன். உடனே ஒரு பெரியவர், "அப்ப ராசராசனே முடிக்கேல்லை, எங்களிட்டை என்ன கேக்கிறாய் தம்பி?" என்றார். கூட்டம் அதோடு தேநீருக்குக் கலைந்தது.

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. அவருடைய தகப்பன் காலத்தில் இந்த இடத்தில் ஒரு பாலை மரமும் அதன் கீழே ஒரு கல்லும்தான். கட்டடமும் இல்லை, சிற்பமும் இல்லை, பொங்கல் மட்டும் ஒழுங்காக நடந்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். திருப்பணிக்குக் காசு அனுப்புவதாக எழுதியிருந்தாய். கோபுரத்துக்கு என்று போட்டு அனுப்பாதே. தெற்குச் சுவர்க் கோஷ்டத்துக் கருங்கல் தட்சிணாமூர்த்திக்கு என்று தெளிவாக எழுதி அனுப்பு, பிறகு ஒருவரும் வேறு செலவுக்கு எடுக்க மாட்டார்கள். மாடத்தின் அளவை ஸ்தபதியிடம் கேட்டு அடுத்த கிழமை எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்