பச்சையாக இருந்தால் பணம் வந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டது. யாங்கோனிலும் பக்கத்து ஊர்களிலும் கோயில் கமிட்டிகள் வரிப் பட்டியலை எக்செல்லில் போட்டு, கட்டியவருக்குப் பச்சை, பாக்கிக்காரருக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்துச் சுவரில் ஒட்டத் தொடங்கியிருப்பார்கள். ஒட்டுவதற்கு முன் போன வருஷம் எங்கள் தீமிதிப் பட்டியலில் நடந்ததைக் கேளுங்கள். பட்டியல் போட்டவன் நான்தான், அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அதற்கு முன்பெல்லாம் கையாலேயே நிறம் பூசிக்கொண்டிருந்தோம். தொகையை மாற்றினாலும் சிவப்பு அப்படியே நிற்கும். வரியை முழுசாகக் கட்டிய ஒரு அக்கா தன் பெயரைச் சிவப்பில் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சரி, இனிமேல் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதாவது விதியைச் சொல்லிவிட்டால் எக்செல்லே நிறம் போடும் வசதி என்று மாறினேன். வீட்டுக்கு 30,000 கியாட் வரி, கட்டிய தொகை அதற்குக் குறையாமல் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு, இரண்டே விதி. தொகையைத் திருத்தினால் நிறமும் தானே மாறியது, எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் உண்டியல் பெட்டியை எண்ணினால், ஷீட்டின் மொத்தத்தைவிட 30,000 கியாட் கூடுதல்! குறைந்திருந்தால் எடுத்துவிட்டான் என்று சொல்லிவிடலாம், கூடினால் யாரைக் கேட்பது? தொகை சரியாக ஒரு வீட்டு வரி என்பதால் யாரோ பெயர் விட்டுப்போயிற்று என்று, கரண்ட் போய்ப் போய் வந்த இரண்டு இரவு உட்கார்ந்து தேடினோம். ஒரு பெயரும் விடுபடவில்லை. கடைசியில் ஒரு தாத்தா வந்து, "தம்பி, நான் பத்தாயிரம்தானே கொடுத்தேன், எனக்கு எப்படிப் பச்சை?" என்று கேட்டார்.

அவர் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் 10,000 என்பது பர்மிய எண்களில் இருந்தது. எனக்கு உதவிய பையன் பர்மியக் கீபோர்டில் மூன்று வீட்டுக்கு அப்படியே அடித்திருக்கிறான். நமக்கு அது எண், எக்செல்லுக்கு வெறும் எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால், எதிரே எத்தனை பெரிய எண் இருந்தாலும் எழுத்துதான் பெரிது என்று எக்செல் சொல்லிவிடும். அதனால் மூன்று வீடும் பச்சை. ஆனால் 'சம்' போட்டுக் கூட்டும்போது அதே எழுத்தை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆக மூன்று பத்தாயிரமும் பெட்டியில் இருக்கிறது, மொத்தத்தில் இல்லை.

எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும், அதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அந்த அடையாளத்தையும் நானே அழித்து வைத்திருந்தேன். இன்னொரு கூத்து, பர்மியப் பூஜ்யமும் பர்மிய 'வ' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல வட்டமாக இருப்பதால் பலர் பூஜ்யத்துக்கு அந்த எழுத்தையே அடிக்கிறார்கள். நம் பையனும் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் அடித்திருந்தான், எண்களை மட்டும் தேடி மாற்றியதில் அது அகப்படவே இல்லை.

இப்போது தொகைப் பத்தியில் டேட்டா வேலிடேஷன் போட்டு எண்ணைத் தவிர எதையும் ஏற்காதபடி செய்துவிட்டேன். ஆனால் வேறிடத்தில் காப்பி எடுத்துப் பேஸ்ட் செய்தால் அதையும் தாண்டி வந்துவிடும். அதற்காக எல்லா விதிக்கும் மேலே மூன்றாவதாக ஒரு விதி வைத்தேன், கட்டத்தில் எழுத்து இருந்தால் மஞ்சள், பக்கத்தில் 'ஸ்டாப் இஃப் ட்ரூ'வில் ஒரு டிக், இந்த விதி பொருந்தினால் கீழே உள்ள விதிகளைப் பார்க்காதே என்று அர்த்தம். வரிசை முழுவதும் நிறம் வரவேண்டுமானால் ஃபார்முலாவில் டாலர் குறியைப் பத்தியின் எழுத்துக்கு முன்னால் மட்டும் ($C2 என்பதுபோல) போடுங்கள். வரிசை எண்ணுக்கு முன்னாலும் போட்டால் ஊர் முழுக்க முதல் வீட்டு நிறம்தான்.

பட்டியலைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். அதனால் 'இஃப்' போட்டு 'பாக்கி' என்ற சொல்லையும் ஒரு பத்தியில் வரவைத்திருக்கிறேன். பாக்கிக்காரர் பெயரைச் சுவரில் ஒட்டத்தான் வேண்டுமா என்பது தனிச் சண்டை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தாத்தா மறுவாரமே மீதி 20,000 கியாட்டைக் கொண்டுவந்தார். நான் தொகையைத் திருத்தி, சிவப்பாகிவிட்ட அவர் வரிசை மறுபடி பச்சையாவதைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் எழுந்து போனார்.

இப்படிக்கு,
கோயில் கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
யாங்கோன்